பால்மாப் பேணிக்குள் போட்ட சீனி

அன்பான பிள்ளைகளே, நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். எங்கள் கைக்குழந்தைக்கு முகமெல்லாம் சிவந்து தடித்தது. பசுப்பால் அவனுக்கு ஒத்துவராது என்றும், தாய் சாப்பிடுவது தாய்ப்பாலிலும் சேரும் என்றும் டாக்டர் சொன்னார். அன்றே என் மனைவி பால் தேநீரையும் தயிரையும் நிறுத்திவிட்டாள். தயிர் இல்லாமல் சோறு இறங்காதவள் அவள்! இரண்டு கிழமையில் பிள்ளையின் முகம் தெளிந்தது.

பிறகு திடீரென்று மறுபடியும் தடித்தது. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது.

"ஒளிச்சுத் தயிர் திண்டனியோ?"

"என்ர பிள்ளை படுற பாட்டைப் பாத்துக்கொண்டு தின்னுவனோ?" என்று அவள் அழுதாள்.

அம்மாவின் வெறுந்தேநீருக்குச் சீனி அள்ளப் போன ஏழு வயது மகள் சுகந்தி குசினியிலிருந்து கத்தினாள்.

"அப்பா, சீனி பால்மா மணக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கழுவினால் ஈரத்தில் சீனி கட்டிபடும் என்று, முடிந்துபோன பால்மாத் தகரப் பேணிக்குள் அப்படியே சீனியைக் கொட்டியவன் நான்தான். அடியில் பால்மா ஒட்டிக் கிடந்தது; அதுதான் சீனியோடு அவளின் தேநீருக்குள் போயிருக்கிறது.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்புக் கிடக்கட்டும், பேணியைக் கழுவுங்கோ!" என்றாள்.

இப்போது எந்தப் பேணியையும் நானே வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் எடுக்கிறேன். விசாரிக்காமல் ஒருவரையும் ஏசுவதில்லை. மகனின் கன்னம் பளபளக்கிறது. தயிரை மறந்த அவன் தாயையும், மணத்தை வைத்துக் கண்டுபிடித்த அக்காவையும் பற்றித் துறைமுகத்தில் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.