பிந்துவிடம் மட்டும் எப்படி விற்கிறது?

கைவினைப் பொருள் கடையில் சேல்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. பொருள் மட்டும் தேயாமல் அலமாரியிலேயே இருக்கும். துணிக்கடையோ, பாத்திரக்கடையோ, எங்கே நின்றாலும் சரி, நாள் முழுக்க நின்றபடியே சிரிக்கிற என் இனத்தாரே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் கடை. மர யானை, கதகளி முகம், ஓட வடிவப் பொம்மை, ஆறன்முளைக் கண்ணாடி, சிரட்டைக் கரண்டி, குத்துவிளக்கு என்று வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகிற எல்லாம் உண்டு. என் பெயர் ராதா, வீடு கரமனையில். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. ஹிந்தியில் விலை சொல்லத் தெரியும், திட்டினால் புரியும். இத்தனை இருந்து என்ன பிரயோஜனம்? பக்கத்துக் கவுண்டரில் பிந்து இருக்கிறாள்.

பிந்து நெடுமங்காட்டுப் பெண். எனக்கு ரொம்பப் பின்னால் வேலைக்கு வந்தவள். மலையாளம் தவிர ஒன்றும் வராது. அதையும் அதிகம் செலவழிக்க மாட்டாள். ஆனால் சாயங்காலம் பார்த்தால் அவள் அலமாரியில் இடைவெளி இடைவெளியாக இருக்கும். என் அலமாரி காலையில் துடைத்து வைத்த மாதிரியே இருக்கும். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். இவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவள் நெற்றிச் சந்தனக் கீற்றைக்கூட ஒரு நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். நானும் அதே மாதிரி இட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு சிரட்டைக் கரண்டிகூடப் போகவில்லை.

ரோஸ்வுட் யானை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் தும்பிக்கை தூக்கிய ரோஸ்வுட் யானையைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்முடையது என்று. விலை கேட்டார்கள், சொன்னேன். "நம்ம தமிழாளுங்க, பாத்துப் போடுங்க" என்றார் அவர். உருகிவிட்டேன். குறைத்தேன். முகத்தைச் சுளித்தார்கள். இன்னும் குறைத்தேன். யானை எந்த மரம், எப்படி ஒரே கட்டையில் செதுக்கியது, தும்பிக்கை மேலே இருந்தால் வீட்டுக்கு எவ்வளவு நல்லது, எல்லாம் சொன்னேன். "சாப்பிட்டு வரோமுங்க" என்று போய்விட்டார்கள். சாப்பிடப் போகிறவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் உண்டா? நானும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கை கழுவிவிட்டு வந்தால், அதே தம்பதி பிந்து எதிரில். அதே யானை பேப்பரில் சுற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது. அவள், நான் முதலில் சொன்ன விலையையே சொல்லி, "குறைக்கான் பற்றில்ல சாரே" என்று ஒரு சிரிப்பும் இல்லாமல் நின்றிருக்கிறாள். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள்! என்னால் தாங்க முடியவில்லை. வாசல் வரைக்கும் கூடவே போய், "ஏன் சார், நான் இதைவிடக் குறைச்சுத்தானே சொன்னேன்?" என்று கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க கேட்ட ஒடனே கொறைச்சுட்டீங்களா, ஊட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்துருச்சுங்க. இந்தப் பொண்ணு அசையவே மாட்டேனுருச்சு பாருங்க, அப்ப இது நெசமாலுமே ரோஸ்வுட்டுத்தானுங்க."

கண்ணாடி காட்டும் விதம்

ஆறன்முளைக் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, உலோகம். விரலை வைத்துப் பார்த்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியாது. இதை நான் இங்கிலீஷில் சொல்லும் அழகை நீங்கள் கேட்க வேண்டும். ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "தேங்க் யூ" என்று நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் பிந்து நின்றாள். கையில் இருந்த கண்ணாடியை அந்த அம்மாள் முகத்துக்கு நேரே பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாள்: "ப்யூட்டிஃபுல்." அம்மாள் ரோஜாவாகச் சிவந்து, இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவுதானா வித்தை! மறுநாளே நானும் இறங்கினேன். சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், நல்ல சட்டை, நல்ல செருப்பு, பேரம் பேசாத முகம். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்தார். குனிந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிந்து வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை மெதுவாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"முடி இவ்வளவு கொட்டிருக்குன்னு வீட்டுல யாருமே சொல்லலம்மா... இதை உள்ள வெச்சிருங்க."

பத்தமடையில்

கோவளத்தில் ஒரு ஹோட்டலுக்கு நிறையப் பாய் வேண்டியிருந்தது. பத்தமடைக்குப் போய்ப் பார்த்து வாங்கி வரும்படி முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். திருநெல்வேலிப் பக்கம் என் பூர்வீகம். பிந்துவுக்கோ அங்கே தண்ணீர் கேட்கக்கூட பாஷை கிடையாது. இத்தனை நாள் விற்கிறவளாக நின்றவள், இன்றைக்கு வாங்குகிறவள். பேரம் என்றால் என்னவென்று இவளுக்குக் காட்டுகிறேன் என்று தம்பானூரில் ரயில் ஏறினேன். ஒரே கூட்டம். திருநெல்வேலி வரைக்கும் இரண்டு பேருக்கும் நின்றுகொண்டே பயணம். பிறகு பஸ்.

பாய் நெய்கிற ஜைனம்பு அக்கா வீட்டில் காப்பி கொடுத்து, பட்டு மாதிரி வழுவழுவென்று ஒரு பாயை விரித்துக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். கோரை தடிப்பாக இருக்கிறதே என்றேன், சாயம் நிற்குமா என்றேன், பக்கத்துத் தெருவில் குறைவாமே என்றேன். என்னிடம் வாடிக்கையாளர்கள் வருஷக்கணக்காகச் சொன்னது எல்லாவற்றையும் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "கட்டாதும்மா" என்று ஒரே பதிலைச் சொன்னார். எழுந்து போகிற மாதிரிகூட நடித்தேன். அவர் என் செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

இந்த நேரத்தில் பிந்து என்ன செய்தாள் தெரியுமா? விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு கையைத் தலைக்கு வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, தூங்கியே போய்விட்டாள். வெட்கத்தில் நான் அவளை உலுக்கப் போனேன். ஜைனம்பு அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் முகமே மாறிவிட்டிருந்தது.

"வாங்க வாரவுக எல்லாரும் தடவித்தாம் பாப்பாவ. எம் பாயில ஒருத்தி படுத்து இப்படி அசந்து தூங்கி நா பாத்ததே இல்ல. அவ முழிக்கட்டும்மா, அவ என்ன வெல சொல்லுதாளோ அதுக்கே தாரேன்."

வீட்டுக்காரர் வந்த அன்று

என் கணவர் ஆபீஸில் ஒரு அதிகாரி ரிடையர் ஆனார். பரிசு வாங்கும் பொறுப்பு இவர் தலையில். எங்கள் கடையிலேயே வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். குத்துவிளக்கு ஒன்றைத் துடைத்து, பளபளவென்று எடுத்து வைத்திருந்தேன். கூடவே ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர். நான் இவர் வீட்டுக்காரி மட்டுமில்லை, இந்தத் தொழிலில் ஒரு புள்ளி என்று அவர்களும் பார்க்கட்டுமே!

மனுஷர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, பஸ்ஸில் அறிமுகமானவரைப் பார்க்கிற மாதிரித் தலையை ஆட்டினார். நேரே பிந்துவிடம் போனார். அவள் ஒரு சுண்டன் வள்ளத்தை எடுத்து வைத்தாள். துடுப்பு போடுகிற ஆட்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஓடம். "நன்னாயிருக்கு, பாக் பண்ணுங்கோ" என்றார். அவ்வளவுதான். விளக்கும் நானும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தோம்.

ராத்திரி சாப்பாட்டை நான் தட்டில் வைத்த சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்படி அவகிட்ட என்ன கண்டேள்?" என்று கேட்டேன். அவர் ரசத்தைக் கலந்தபடி சொன்னார்.

"உன்கிட்ட வாங்கினா ஆத்துக்கு வந்தும் அதைப் பத்திப் பேசணும், அவகிட்ட வாங்கினா விஷயம் கடையோட முடிஞ்சுடுமோன்னோ?"

முதலாளியின் தீர்ப்பு

கோவளம் ஹோட்டலுக்குள்ளேயே எங்களுக்கு ஒரு சின்னக் கடை வைக்க இடம் கிடைத்தது. முதலாளி அங்கே பொறுப்பாக ஒருத்தரைப் போடப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிந்துதான் போவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் புதிதாக ஒரு குடை வாங்கியிருந்தாள். கோவளத்து வெயிலுக்குத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளைவிட எத்தனையோ வருஷம் முன்னால் வந்தவள் நான். அவள் போய் அங்கே தலைவியாக உட்கார, அவள் அனுப்பச் சொல்கிற சாமானை நான் இங்கிருந்து கட்டி அனுப்புவதா? கோயிலில் போய் நின்றால்கூட "அவளுக்குக் கிடைக்கக்கூடாது" என்றுதான் வேண்டத் தோன்றியது. எனக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்க மறந்தேபோனேன்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ராதா போகட்டும்" என்றார். கேட்டது சரிதானா என்று பிந்துவைப் பார்த்தேன். அவள் முகம் வாடியிருந்தது. அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களிடம் மறைப்பானேன்? தலை நிமிர்ந்தே நின்றேன், முதலாளி காரணத்தைச் சொல்லும் வரைக்கும்.

"அவிடே எல்லாம் பிக்ஸட் ரேட்டு, ராதா. குறைக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க. அதனால நீயும் குறைக்க மாட்டே, அல்லே?"

கோவளத்தில்

இப்போது நான் ஏசியில் இருக்கிறேன். உட்கார நல்ல நாற்காலி. கண்ணாடிக் கதவு. கதவுக்கு அப்பால் கடல் தெரியும், சத்தம் கேட்காது. வருகிறவர்கள் அட்டையில் இருக்கும் விலையைப் பார்ப்பார்கள். ஒன்று எடுப்பார்கள், இல்லையென்றால் போவார்கள். யாரும் "நம்ம தமிழாளுங்க" என்பதில்லை. யாரும் சாப்பிட்டு வருவதாகப் பொய் சொல்வதில்லை. சில நாள் மத்தியானம் வரைக்கும் வாயே திறக்க வேண்டியிருக்காது. கிழக்கேகோட்டையில் இந்நேரம் பிந்து ஒரு கூட்டத்துக்கு நடுவில், எல்லோரும் கத்த, தான் மட்டும் சும்மா நிற்பாள் என்று நினைத்துக்கொள்வேன். உடனே பற்றிக்கொண்டு வரும். போனில் முதலாளியிடம் கணக்குச் சொல்லும்போது, "அங்க இன்னிக்குக் கூட்டமா?" என்று கேட்காமல் இருக்க முடிந்ததில்லை.

போன வாரம் லீவு நாளில் பிந்து என்னைப் பார்க்க வந்தாள். பலாப்பழ வறுவல் கொண்டுவந்திருந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஏசிக்கு நேரே முகத்தைக் காட்டினாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, பாதத்தைத் தடவிவிட்டுக்கொண்டாள். குதிகால் வெடித்திருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசி, கசேர, வழக்குப் பிடிக்கான் ஆளுமில்ல... எனிக்கு ராதேச்சியோட நல்ல அசூய உண்டு, கேட்டோ!"

இந்தத் தொழிலில் எத்தனையோ பொருளைக் கை மாற்றியிருக்கிறேன், ஆனால் கேட்டதும் பேரம் பேசாமல் நெஞ்சார வாங்கி வைத்துக்கொண்டது பிந்துவின் அந்த அசூயை ஒன்றைத்தான்.