நாலு வீட்டு ரேடியோவில் என் குரல்

கொழும்பில் போன் சாமான் விற்கும் கடையொன்றில் என் அண்ணன் வேலை பார்த்தான். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தபோது வீட்டுக்கென்று ஒரு எம்பி3 பிளேயர் கொண்டுவந்தான். பிளேயர் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதற்கென்று வந்த சாமான்களோ ஒரு பை நிறைய. கழுத்தில் மாட்ட ஒரு நாடா, மேலே போர்த்த ஒரு ரப்பர் உறை, காதுக்கு இயர்போன், கம்ப்யூட்டரில் செருக ஒரு வயர், கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டி. பெண் பார்க்க மாப்பிள்ளை ஒருத்தர் வர, கூடவே ஒரு வேன் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. கைப்பட்டி எதற்கு என்று அம்மா கேட்டாள். ஓடுகிறவர்கள் அதில் பிளேயரை வைத்துக் கையில் கட்டிக்கொள்வார்கள் என்றான் அண்ணன்.

“எதுக்கு ஓடுறாங்க? பஸ்ஸுக்கா?”

“சும்மாதாம்மா ஓடுவாங்க. ஒடம்பு எளைக்க.”

நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் என் அம்மா. அந்தப் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூடி கழன்றுபோயிருந்த மிளகாய்த்தூள் டப்பாவைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைத்தாள். அந்தப் பையிலேயே எங்கள் வீட்டில் அதிக நாள் உழைத்தது அதுதான்.

பையின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை இருந்தது. பிளேயரில் இயர்போன் மாட்டும் ஓட்டையில் அதைச் செருக வேண்டும். அதில் ஒரு எண் தெரியும். ரேடியோவின் எஃப்எம்மில் அதே எண்ணுக்கு முள்ளைத் திருப்பினால், பிளேயரில் ஓடும் பாட்டு வயர் எதுவும் இல்லாமல் ரேடியோவில் கேட்கும். அப்பாவின் ரேடியோவில் கேசட் வாய் செத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. அவருக்காகத்தான் அண்ணன் இதைக் கொண்டுவந்தான்.

“போலிஸ்காரங்க யாராச்சும் கேட்டா இத டிரான்ஸ்மிட்டர்னு மட்டும் சொல்லிறாதீங்க” என்று எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஒரு சொல் போதும், தமிழ்ப் பையனைப் பிடித்து உள்ளே போட. அதனால் நாங்கள் அதற்குச் சின்ன ஸ்டேஷன் என்று பெயர் வைத்தோம்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். சுவருக்கே இந்த லட்சணம் என்றால் சின்ன ஸ்டேஷனைக் கேட்கவா வேண்டும்? எங்கள் வீட்டில் போட்டால் இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் இரண்டு வீடு என்று நாலு ரேடியோவில் பாடியது. அதற்கு மேல் அதற்கு மூச்சு எட்டவில்லை. பொழுது சாயும் நேரம் நாலு வீட்டிலும் முள்ளை அந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டுப் போடுவது என் வேலை. “அடியே, நேத்து போட்டியே, அத இன்னொருக்கா போடு” என்று சுவருக்கு மேலே குரல் வரும்.

அப்படிக் கேட்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவின் தம்பி மனைவி. அம்மாவுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அந்த மாமாதான். மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரே மகன். தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார். அவருக்குத்தான் நான் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு.

சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வருஷம் மச்சான் திடீரென்று கத்தாருக்குப் போகிறேன் என்று பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். அத்தை சோறு தண்ணியில்லாமல் படுத்துவிட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கால்கட்டுப் போட்டால் பையன் எங்கேயும் போகமாட்டான், தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்ததும் பரிசம் போட்டுவிடலாம் என்று முடிவானது. நான்தான் அந்தக் கால்கட்டு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாட்டைக் கட்டுகிறவர்கள் கயிற்றிடம் கேட்பார்களா?

மச்சான் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல மனுஷன். ஆனால் ஒரே சட்டியில் சோறு தின்று, ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு, அவர் தலையில் என் அம்மாவும் என் தலையில் அத்தையும் பேன் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணம் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. வேண்டாம் என்று சொன்னாலோ அம்மாவும் மாமாவும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு! 

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டால் அவன் அப்பாவைச் சமாளிப்பான் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது? போனில் பேச மலை உச்சிக்கு ஏற வேண்டும், அங்கே சிக்னலுக்காக ஏற்கனவே நாலு பேர் நிற்பார்கள். கடிதம் போட்டால் கடை முதலாளி பிரித்துப் படிப்பார். பொங்கலுக்கு அவன் வந்தபின் வீட்டில் காதோடு பேசினாலும் சுவருக்கு மேலே போய்விடும். அப்போதுதான் பிளேயரில் குரலைப் பதியலாம் என்பது ஞாபகம் வந்தது. பதிந்து வைத்தால் அவன் வந்ததும் இயர்போனை மாட்டிக் கேட்கச் சொல்லலாம். அவன் காதுக்குள் மட்டும் பேசிவிடலாம்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தனியாகப் போய், தண்ணீர்ச் சத்தத்தில் நின்று பேசிப் பதிந்தேன். பத்திரமாகக் கொண்டுவந்து, மறுபடியும் சின்ன ஸ்டேஷனைச் செருகி, பிளேயரைத் தட்டில் வைத்துவிட்டேன்.

நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து லயத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தேன். ரேடியோவில் யாரோ ஒருத்தி மூக்கடைத்த குரலில் புலம்பிக்கொண்டிருந்தாள். என்ன நாடகமோ, இப்படி அழுது வடிகிறாளே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

“…மச்சான் நல்லவருதான், இல்லங்கல. ஆனா அவரப் பாத்தா ஒன்னயப் பாக்குற மாதிரிதாண்ணே இருக்கு. அவரக் கட்டிக்கிட்டு நான் எப்புடி வாழுறது? அப்பாகிட்ட நீதான் சொல்லணும். இல்லாட்டி நான் ரயிலேறி எங்கயாச்சும் போயிருவேன்.”

கால் அப்படியே நின்றுவிட்டது. நாலு வீட்டு வாசலிலிருந்தும் நானே பேசிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமையாச்சே, சாமி பாட்டுப் போடலாம் என்று அப்பா பிளேயரைக் கையில் எடுத்திருக்கிறார். பொத்தானை லேசாகத் தட்டினால் பாட்டு, நீட்டி அழுத்தினால் பதிந்த குரல். ஃபேக்டரியில் இரும்பைப் பிடித்துப் பழகிய விரலுக்கு லேசாகத் தட்டுவது எப்படி வரும்? நான் ஓடி உள்ளே போனபோது அவர் அதை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தத் தெரியாமல் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பேச்சு ஒருவழியாக முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதில் பதிந்திருந்தது அது ஒன்றுதான் என்பதால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. “அண்ணே, நாந்தான் பேசுறேன்…”

பறித்து, பேட்டரியைக் கழற்றி எறிந்தேன். லயம் முழுக்க அமைதி. அப்படி ஒரு அமைதியை அந்த லயம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது.

அத்தை எங்கள் வீட்டு முன் ஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து நின்றாள். பின்னால் மாமா. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரவர் வாசலில்.

“எம்புள்ளைக்கு என்னடி கொறச்சல்? ரயிலேறி ஓடுற அளவுக்கு என்ன கொறச்சல்?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போச்சு, நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது என்று நினைத்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

“அம்மா, அவள விடுங்க.”

மச்சான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார், கையெல்லாம் சோறு.

“எனக்கும் வேணாம்மா. எனக்கும் அவ தங்கச்சி மாதிரிதான்.”

“இத்தன நாளா வாயில என்னடா வச்சிருந்த?” என்று அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

“சொன்னா அத்த வீட்டோட சண்ட வந்துரும்னு பயந்தேன். கத்தாருக்குப் போயி ரெண்டு மூணு வருசம் இருந்துட்டா, நீங்களே இவளுக்கு வேற எடம் பாத்துருவீங்கன்னுதான் பாஸ்போட்டுக்குப் போட்டேன்.”

அவரைப் பிடித்து வைக்கத்தான் பெரியவர்கள் கல்யாணம் பேசினார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பயந்துதான் அவர் நாட்டை விட்டே ஓடப் பார்த்திருக்கிறார். அத்தைக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்ப… கல்யாணம் இல்லேன்னா?”

“இல்லேன்னா நான் எதுக்கும்மா போறேன்? கடையில எனக்கு என்ன கொற?”

அத்தை ஸ்தோப்புப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அம்மா பதறிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தலைப்பை எடுத்தபோதுதான் தெரிந்தது, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அத்தை திணறிக்கொண்டிருந்தாள்.

“போவ மாட்டானாம் அண்ணி” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்புள்ள போவ மாட்டானாம்.”

மாமா மெல்ல வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா நகர்ந்து இடம்விட, அவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. வாய்விட்டு அழுதேன்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். அடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். என் இரண்டு கன்னத்தையும் கையால் வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள்.

“அண்ணே,” என்றாள் அப்பாவிடம், “ஒங்க மக எம்புள்ளய வேணான்னுட்டா. இந்தப் பொங்கலுக்கு அவளுக்குச் சேல நாந்தான் எடுப்பேன்.”