சுன்னாபட்டி முதல் நெருள் வரை பத்துச் சொற்கள்

"மே 4, ஞாயிறு. பிற்பகல் 3.12. இரண்டாம் ரேஸ், ஒன்பதாம் லேப். கார் இடப்பக்கத்து டயர்ச் சுவரில் மோதி நின்றது. 3.16: தானே இறங்கி நடந்தாள். 3.40: மருத்துவ அறைக்குப் போயிருப்பதாக டீமிலிருந்து செய்தி."

சென்ற வருடத்து நோட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். நேரமெல்லாம் இந்திய நேரம். மோதிய காரில் இருந்தவள் என் தங்கை. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. ஐரோப்பாவில் இளம் ஓட்டுநர்களுக்கான ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத் தொடர் ஒன்றில் முழு சீசனும் ஓட்டப் போயிருந்தாள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு வாரக்கடைசிகள், நான்கைந்து நாடுகள். நான் எழுதியது இரண்டாவது வாரக்கடைசியைப் பற்றி. அவளுக்கு நான்காவது வாரக்கடைசி வரவே இல்லை.

பதினொரு வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை தொடங்கிய தேதி, படித்து முடித்த புத்தகம், ரயில் நின்றுபோன நேரம் என்று எதையும் விடுவதில்லை. தங்கை ரேஸ் ஓட்டத் தொடங்கியதும் அதுவும் சேர்ந்துகொண்டது. மும்பை தாராவியில் அப்பாவுக்குத் தோல் பை செய்யும் பட்டறை இருக்கிறது. வாரம் ஆறு நாள் தோலும் பசையுமாக இருப்பவர், ரேஸ் ஞாயிறுகளில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செம்பூர் வீட்டில் என் லேப்டாப் முன்னால் உட்காருவார். திரையில் ஓடும் ஆங்கில எண்கள் அவருக்குப் பிடிபடாது. நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். நெருளில் வாங்கிப் போட்டிருந்த வீட்டை விற்றுத்தான் அவளை அனுப்பியிருந்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று கார் நின்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ஏட்டி, எறங்கிட்டாளா?"

"இறங்கிட்டா, அப்பா. நடக்கிறா."

"அப்ப சரி. வண்டி போனா போவுது."

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து எல்லோருக்கும் காபி போட்டாள். அந்த ஞாயிறு எங்களைப் பொறுத்தவரை அதோடு முடிந்துவிட்டது.

மே 6, செவ்வாய். சயானில் என் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அப்பாகிட்ட போய் சொல்லி வைக்காத. தலைக்கு ஒரு டெஸ்ட் வச்சாங்க. பத்து வார்த்த சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிச் சொல்லணும். எனக்கு நாலுதான் வந்துச்சு."

"தலை வலிக்கா?"

"லைட்டா."

"லைட்டான்னா?"

"அரே, வலின்னா வலி. கிலோ கணக்குல சொல்லணுமா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு விஷயத்துக்கு வந்தாள். பதினைந்தாம் தேதி அதே சோதனையைத் திரும்ப வைப்பார்கள். தேறினால் பதினேழாம் தேதி காரில் ஏறலாம். தேறாவிட்டால் டீமில் காத்திருக்கும் மாற்று ஓட்டுநர் அவள் காரில் ஏறுவார்.

"ஒருத்தன் ஏறி ஒழுங்கா ஓட்டிட்டான்னா அவ்வளவுதான் அக்கா. என்னை மறுபடி ஏத்த மாட்டாங்க. சீசன் கதம்."

நாலு வார்த்தைதான் ஞாபகம் வந்தது என்றால் உன் தலைக்குள் ஏதோ அடிபட்டிருக்கிறது, பேசாமல் படுத்துக்கொள் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. குறிப்பேட்டில் அதே சொற்களில் இருக்கிறது: "அந்த டெஸ்டுக்கு மாடல் பேப்பர் கிடைக்குமா?"

எங்கள் மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகத் தெரியாது. பத்தாவது, பன்னிரண்டாவது, வங்கித் தேர்வு என்று எது வந்தாலும் எங்களுக்கு அது தாண்ட வேண்டிய கதவு. மாட்டுங்காவில் நான் போன டியூஷனில் பத்து வருடக் கேள்வித்தாள்களைக் கட்டாகத் தைத்துக் கொடுப்பார்கள். எது வரும், எது வராது என்று சார் பென்சிலால் குறித்துத் தருவார். தங்கையின் பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்த வேலையை நான் செய்தேன். அவள் அறுபது நாள் கோ-கார்ட் பந்தயம் ஓட்டப் போய்விட்டு வந்து, கடைசி மூன்று வாரத்தில் படித்துத் தேறினாள். வீட்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சோதிக்க வந்தது அவளுடைய அறிவை அல்ல, மூளைக்குப் பட்ட அடியை என்ற வித்தியாசம் அந்த மாடிப்படியில் எனக்கு உறைக்கவில்லை.

மாடல் பேப்பர் கிடைத்தது. இந்தச் சோதனைக்கான படிவம் இணையத்தில் யாரும் எடுக்கும்படி இருந்தது. அதில் பத்துப் பத்துச் சொற்களாகச் சில பட்டியல்கள், திருப்பிச் சொல்ல வேண்டிய எண் வரிசைகள், டிசம்பரிலிருந்து ஜனவரி வரை பின்னோக்கி மாதங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். மே 7 முதல் 14 வரை எட்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் பயிற்சி கொடுத்தேன்.

பத்துச் சொற்களை நிறுத்தி வைக்க ஒரு வழியும் நானே கண்டுபிடித்தேன். எங்கள் ஹார்பர் லைன் ரயிலில் சுன்னாபட்டியிலிருந்து நெருள் வரை சரியாகப் பத்து ஸ்டேஷன்கள். சின்ன வயதிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் வரிசை. ஸ்டேஷனுக்கு ஒரு சொல்லை இறக்கி வைக்கச் சொன்னேன். குர்லா மேம்பாலத்தில் குதிரை. திலக் நகரில் நாற்காலி. செம்பூர் டிக்கெட் ஜன்னலில் எலுமிச்சை.

"மான்குர்த்ல என்ன இருக்கு?"

"நாத்தம்."

"விளையாடாத. என்ன வார்த்தை?"

"மெழுகுவர்த்தி. நாத்தத்துக்கு ஏத்தி வச்சிருக்கு. போதுமா மிஸ்?"

முதல் நாள் ஐந்து சொற்கள். ஒன்பதாம் தேதி ஏழு. பன்னிரண்டாம் தேதி ஒன்பது. பதினான்காம் தேதி எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் பத்து. மதிப்பெண்களைப் பச்சை மையில் எழுதினேன். அதே பக்கங்களின் ஓரத்தில் வேறு குறிப்புகளும் இருக்கின்றன. "8: அறைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள்." "10: இன்றும் தலைவலி. மெதுவாகப் பேசச் சொன்னாள்." "11: இரண்டு முறை அதே விஷயத்தைச் சொன்னாள்." "13: மதியம் மூன்று மணி நேரம் தூங்கினாளாம்." நடந்தது அனைத்தையும் எழுதுவது என் பழக்கம், அதனால் இவையும் ஏறின. வானிலையைக் குறிப்பது போலத்தான் குறித்தேன்.

மே 15 மாலை குரல் செய்தி வந்தது. "அக்கா, பாஸ். நெருள் வரைக்கும் போயிட்டேன், ஒரு ஸ்டேஷன்கூட மிஸ் ஆகல. டாக்டர் என்னை ரொம்ப ஷார்ப்னு சொன்னார். அம்மாகிட்ட பாயசம் வைக்கச் சொல்லு, நீயே சாப்பிடு." அம்மாவிடம் காரணம் சொல்லாமல் பாயசம் வைக்கச் சொன்னேன். நானே சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரக்கடைசிக்கான ட்ராக் ஒரு காட்டை ஒட்டி இருந்தது. ட்ராக்கை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு கார் எடுக்கும் நேரத்தைத் திரையில் காட்டுவார்கள். பதினேழாம் தேதி பயிற்சியில் முதல் துண்டிலும் மூன்றாவதிலும் அவள் மற்றவர்களோடு இருந்தாள். நடுத்துண்டில் மட்டும் லேப்புக்கு லேப் பின்தங்கினாள். அது மரங்களுக்கு இடையில் ஓடும் பகுதி. வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும் இடம். "நடுப்பகுதி மெதுவாக. டயர் சூடாகவில்லை போலும்" என்று எழுதினேன். டயர் சூடாகவில்லை என்றால் மூன்று துண்டிலும் தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு எனக்குக் கணக்குத் தெரியும்.

மே 18, ஞாயிறு. பிற்பகல் 2.51, நான்காம் லேப். அந்த மரங்களுக்கு நடுவில் ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றது. மஞ்சள் கொடி ஆட்டினார்கள். அவளுக்கு முன்னால் போன மூவரும் வேகத்தைக் குறைத்தார்கள். அவள் குறைக்கத் தாமதித்தாள். கடைசியில் பிரேக் பிடித்து, நின்றிருந்த காரின் பின்சக்கரத்தில் இடித்தாள்.

"சின்ன இடிதான்," என்றார் அப்பா. "போன தடவைக்கு இது ஒண்ணுமே இல்ல. என்னட்டி?"

அவள் இறங்குவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2.55. 2.58. மூன்று மணிக்குச் சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். காரைச் சுற்றி மறைப்புத் துணி பிடித்தார்கள். கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது. அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கேமரா காட்டாத இடத்தைத் தேடுகிறவள் போலக் குனிந்து பார்த்தாள்.

முதல் அடி ஆறாமல் இரண்டாவது அடி பட்டால் சின்ன இடியே போதும் என்று பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். பதினாறு நாள் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா போய் ஜூன் 4 அன்று அழைத்து வந்தார். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் வந்தாள். என்னைப் பார்த்து, "நீ ஆபீஸ் போகலயா?" என்று கேட்டாள். டாக்ஸியில் ஏறியதும் அதையே திரும்பக் கேட்டாள்.

இப்போது அவள் உள்ளறையில் இருக்கிறாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. குக்கர் விசில் பொறுக்காததால் அம்மா சோற்றை வடித்துத்தான் ஆக்குகிறாள். ஒரு பக்கம் படித்தால் வாந்தி வருகிறது. நல்ல நாட்களில் மாலையில் காலனிக்குள் இரண்டு சுற்று நடப்பாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. தேறலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது, கார் மட்டும் இனி இல்லை என்று சயானில் நாங்கள் பார்க்கும் நரம்பு மருத்துவர் சொன்னார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அப்பா என்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார். ஆட்களுக்கு விடுமுறை. மேசை மேல் ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

"எழுதுட்டி. அந்த டீமுக்கு, அவங்க மேல இருக்கவனுக்கு, எல்லாத்துக்கும். எம் பிள்ளைக்கு ஒழுங்கா டெஸ்ட் பண்ணாம வண்டில ஏத்திட்டான்னு எழுது. நல்லா காரமா இருக்கணும். நீதான் நாலு புஸ்தவம் படிச்சவ."

பேனாவை எடுத்தேன். தேதியை எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியாமல், நடந்ததைச் சொன்னேன். மாடிப்படி, பிரிண்ட் எடுத்த தாள்கள், ஸ்டேஷன்கள் எல்லாவற்றையும்.

அப்பா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "எத்தன நாளு?" என்றார்.

"எட்டு."

"எட்டு நாளும் அவளுக்குத் தல வலிச்சிச்சா?"

"ஆறு நாள்."

"அது ஒனக்குத் தெரியுமா?"

"எழுதி வச்சிருக்கேன், அப்பா."

அவர் என்னை அடித்திருக்கலாம். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எழுதத் தெரிஞ்சவளுக்குச் சொல்லத் தெரியலியே," என்றார். பட்டறையைப் பூட்டிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். அக்டோபர் கடைசி வரை என்னோடு பேசவில்லை. அம்மா வழியாகத்தான் எதுவும் வரும். "ஒங்க அப்பா கேக்காக, நாளைக்கு டாக்டர்ட்ட நீ கூட்டிட்டுப் போறியான்னு." குறிப்பேட்டை அந்த நரம்பு மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

தங்கையிடம் கடைசியாகச் சொன்னேன், ஒரு நடையின்போது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். டெஸ்டுக்கு நாம படிச்சத."

"எந்த டெஸ்ட்?"

அந்த மே மாதத்தில் பாதிக்கு மேல் அவளிடம் இல்லை. அவளுடைய மே 15 குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ரொம்ப கத்துறா," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் நான் யூட்யூப் பார்த்துப் படிச்சிருப்பேன். டென்ஷன் ஆகாத," என்றாள். இது எனக்கு ஆறுதலாக இல்லை.

நவம்பரில், அவளைச் சோதித்த மருத்துவருக்கு நான் ஒரு கடிதம் அனுப்பினேன். மே 15 அன்று எந்தப் பட்டியலை வாசித்தீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. நாங்கள் படித்தவற்றில் ஒன்று என்றால், அவர் அளந்தது என் பயிற்சியைத்தான். முற்றிலும் புதிய பட்டியல் என்றால், அன்று அவள் தலை ஓரளவாவது தெளிந்திருந்தது என்று நினைக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஓட்டுநர் தன் கையால் கையெழுத்திட்டுக் கேட்டால் மட்டுமே பதிவைத் தர முடியும் என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதனுடன் வந்த படிவத்தை அவளிடம் கொடுத்தேன். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள். கையெழுத்துப் போடவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆகவே மே 15 அன்று அந்த அறையில் வாசிக்கப்பட்ட பத்துச் சொற்கள் எவை என்பது, இதை எழுதும் இன்று வரை, சரிபார்க்கப்படவில்லை.