ஓர் இரவு தங்கப் போன வீடு

கத்தாரில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் நண்பன், தன் தாயிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பொதி தந்துவிட்டான். நான் மன்னார்க்காரன். விடுமுறையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவனுடைய ஊரான குருக்கள்மடம் போனேன். ஓர் இரவுதான் தங்குவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் மகள் அப்போதுதான் அழாமல் என்னிடம் வரப் பழகியிருந்தாள்.

நண்பனின் அம்மா தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் வாவி. நண்டுக்கறியும் பேச்சுமாக அன்றைய பொழுது நன்றாகவே போனது. மறுநாள் காலை பையைத் தூக்கினேன்.

"வந்த களைப்பே போகல்ல. நாளைக்குப் போகலாம் மனே."

அடுத்த நாள் மழை என்றார். அதற்கடுத்த நாள் நான் எழும்பும்போது என் உடுப்புகளெல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. நண்பனின் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். முன்னால் பஸ் ஓடும் சத்தம், பின்னால் தண்ணீர். கோபிக்கவும் முடியவில்லை. மீனில் முள்ளை நீக்கிச் சதையை என் சோற்றுக் கோப்பையில் வைக்கிறவரை எப்படிக் கோபிப்பது?

"அங்கயே குடியேறிட்டீங்களோ?" என்றாள் மனைவி போனில்.

நண்பன் ஒவ்வொரு மாலையும் என்னை வீடியோவில் அழைப்பான். கொஞ்சம் பேசிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுப்பேன். ஒரு நாள் குளித்துவிட்டு வரும்போது குசினி அடுப்படியில் அவர் என் போனில் அவனிடம் பேசுவது கேட்டது.

"உன்ட கூட்டாளி நாளைக்கும் இஞ்சதான் இரிப்பான். நாளைக்கும் கோல் எடு, என்ன?"

எனக்காகத்தான் அவன் எடுக்கிறான். நான் போனால் அழைப்பும் போய்விடும். அது அப்போதுதான் விளங்கியது. இனி எந்த முகத்தோடு பையைத் தூக்குவேன்?

வெளியே வந்து அவனை அழைத்தேன். "நாளைக்கு நான் வெளிக்கிடுறன். நீ அம்மாவுக்கு எடு. அவவின்ட நம்பருக்கு."

"அவவோட என்னத்தப் பேசுற மச்சான்? சாப்பிட்டியா எண்டுதான் கேப்பா."

"சாப்பிட்டன் எண்டு சொல்லு."

நான் போனில் சொன்னது கேட்டிருக்க வேண்டும், காலையில் அம்மா தடுக்கவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தோடு றோட்டு வரைக்கும் வந்தார். "உன்ட பிள்ளை தேடும். போயிட்டு வா மனே" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு லேசாகியது.

பக்கத்து ஊரான கிரான்குளம் தாண்டும்போது நண்பன் அழைத்தான். "அம்மாக்கு எடுக்கிறன், தூக்குறா இல்லயே?"

"றோட்டிலதான் நிப்பா. கொஞ்சம் பொறுத்து எடு" என்றேன்.