செத்தவீடு நடத்தக் கூடாத வீடு

மருதனார்மடத்தில் நாங்கள் ஏழு பேர் இரண்டு அறைகளில் இருந்தோம். மகனும் மருமகளும் ஓர் அறையில், பேரப்பிள்ளைகள் மூவரும் மற்றதில். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன என் மனைவிக்குக் கட்டில் போட விறாந்தைதான் மிஞ்சியது. அவளுக்கு உடுப்பு மாற்றும்போது நான் ஒரு பழஞ்சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாளுக்கு நாலு தடவை, சில நாள் ஐந்து. அந்த நேரம் படலையில் யாராவது வந்துவிட்டால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். பெரிய வீடு தேடியதற்கு வேறு காரணம் இல்லை.

நகரத்துக்குள் வீடுகள் இல்லாமலில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டியபடி. பதினொரு வீடு பார்த்தோம். நாலு இடத்தில் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள். மூன்று இடத்தில் ஊரைக் கேட்டார்கள்; காங்கேசன்துறை என்றதும், அங்கே எந்தப் பக்கம் என்றார்கள். அந்தக் கேள்வி சாதியை அறியத்தான் என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மிச்ச இடங்களில் வாடகையைச் சொன்னதோடு நாங்களே திரும்பிவிட்டோம்.

பன்னிரண்டாவது வீடு அரியாலையில் இருந்தது. மனைவியைக் கிளினிக்கில் காட்டிவிட்டு வரும் வழியில் போனோம். அவளோடு மகனை ஓட்டோவில் இருக்கவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஐந்து அறை என்றார்கள், எண்ணினால் நாலு. ஐந்தாவதில் வீட்டுக்காரியின் சாமான்களை வைத்துப் பூட்டியிருந்தார்கள். போகட்டும். கிழக்குப் பக்க அறைக்குள்ளேயே குளியலறை இருந்தது. எனக்கு அது போதும்.

வீட்டைக் காட்டியவர் வீட்டுக்காரியின் தங்கை, அடுத்த வளவில் இருப்பவர். எல்லாம் கதைத்து முடித்து என்னை வழியனுப்பப் படலைக்கு வந்தபோதுதான் ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த என் மனைவியைக் கண்டார்.

"அம்மாவுக்கு ஏலாதோ?"

"பாரிசவாதம். இப்ப பரவாயில்லை," என்றான் மகன்.

அவர் படலையை விட்டு அசையவில்லை.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. அக்கா கனடாவிலையிருந்து ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவ. வாற வருசம் மகளின்ரை கலியாணத்துக்குப் பொன்னுருக்கு இந்த வீட்டிலைதான். அதுக்கு முதல் இஞ்சை ஒரு செத்தவீடு நடக்கக் கூடாது. கூடாத நாளிலை உயிர் போனா, பிறகு வீட்டை மாசக்கணக்கிலை பூட்டவெல்லோ வேணும்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் மகன்.

"கடுமையா வந்தா நேரத்தோடை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. அங்கையிருந்து நேரை ஒரு மண்டபத்துக்கு. இப்ப கனபேர் அப்பிடித்தானே செய்யினம். இஞ்சை கொண்டு வராமல் விட்டாச் சரி."

மகன் என்னைப் பார்த்தான். என் தாய் தகப்பன் இருவரையும் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்துதான் தூக்கினோம். காங்கேசன்துறையில் போரில் இடிபட்ட அந்த வீட்டுக்கு இப்போது அத்திவாரம்கூட முழுதாக இல்லை.

ஓட்டோவுக்குள்ளிருந்து மனைவியின் குழறல் கேட்டது.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் இப்ப சாகிறதாயில்லை. அந்தப் பிள்ளையின்ரை பொன்னுருக்குக்குப் பலகாரம் சுட்டுக் குடுத்திட்டுத்தான் போவன். ஒரு கையாலை."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அம்மாவுக்கு வாய் மட்டும் விழேல்லை." மகன் ஓம் என்றான். வீடு எங்களுக்கானது.

மருமகள் கெட்டவள் அல்ல. கொடுத்த வாக்குக்குப் பயந்தவள். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, கஞ்சி குடிக்கும்போது மனைவிக்குப் புரைக்கேறி மூச்சு இழுத்தது. நான் முதுகைத் தடவி முடிப்பதற்குள் படலையில் ஓட்டோ நின்றது. ஆசுப்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பார்க்கும் நேரம் முடிந்ததும் பெண்கள் வார்ட்டில் ஆண்களை விடமாட்டார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே, தெரியாத முப்பது பேருக்கு நடுவில், வாசலைப் பார்த்தபடி கிடந்திருக்கிறாள். திரும்பி வந்ததிலிருந்து தனக்கு நோகிறது என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்ல சுகம் என்கிறாள். கொஞ்சம் நடந்தாலே என் நெஞ்சு அடைப்பதை நானும் சொல்வதில்லை.

நேற்று மத்தியானம் அவள் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"காய்ச்சல் காயுது."

"வெயில்."

"மகனுக்குச் சொல்லட்டோ?"

வலக்கையால் என் சட்டையைப் பிடித்தாள். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலை கிடக்கிறன்."

மருமகள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்க யன்னலைச் சாத்தினேன். உடுத்தாத சாரமொன்றின் ஓரத்தை நனைத்து அவள் நெற்றியில் போட்டேன். இரண்டு பனடோலை உடைத்துக் கரைத்துப் பருக்கினேன், பாதி வழிந்தது. மருந்துக்கு ஆசுப்பத்திரிக்குத்தான் போகவேண்டுமென்று எனக்குத் தெரியும். போனால் இந்த முறை திரும்பி வராமலும் விடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

சிறிது நேரத்தில் மருமகள் வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

"மாமா, மாமி சாப்பிட்டவவோ?"

"நித்திரை, பிள்ளை."

அவளுடைய செருப்புச் சத்தம் குசினிப் பக்கம் போகும்வரை என் மனைவி அடக்கிக்கொண்டு கிடந்தாள். பிறகு தலையணையில் வாயை அழுத்தி இருமினாள். சத்தம் வெளியே போகாமல் நான் தலையணையைப் பிடித்துக்கொண்டேன்.