பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

புதிதாகப் பிஸ்டல் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அறிவுரை கேட்பதுண்டு. டெக்சஸில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுங்கள். மேகசின் என்பது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி. ஸ்லைடு, மேலே நகரும் இரும்பு. பெட்டி உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால் ஒரு தோட்டா மேலேறிக் குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பெட்டியைக் கழற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. காலி என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், அது தயாராக இருக்கும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் அப்பா இதை மாற்றிச் செய்தார்.

உலகத்தில் வேறு யார் செய்திருந்தாலும் நம்பலாம். அப்பா எண்ணெய்க் கம்பெனியில் பாதுகாப்பு எஞ்சினியர். ஹெல்மெட் போடாதவர்களைக் கண்டுபிடித்து எழுதுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஃப்ரீவேயில் அவர் கார் போகும் வேகத்துக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள். ரைஸ் குக்கர் வாங்கினாலும் அதன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவார். அதுவரை நாங்கள் பசியோடு காத்திருப்போம்.

சுகர் லேண்ட் என்ற எங்கள் ஊரில், அடுத்த தெருவில் ஒரு தமிழ் வீட்டுக்குள் பட்டப்பகலில் புகுந்து நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்பது திருடர்கள் வரைக்கும் தெரிந்துவிட்டது. அப்பா கதவுப் பூட்டை மாற்றினார், ஜன்னலுக்குக் கம்பி போட்டார், அப்படியும் மனம் ஆறாமல் ஒரு பிஸ்டல் வாங்கிவந்தார். அம்மா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியபோது அதற்கு "அந்தச் சனியன்" என்று பெயர் வைத்திருந்தாள்.

அப்பா வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து எங்கள் இருவரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். எப்போதும் உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். ஆளைப் பார்த்து நீட்டக் கூடாது. ட்ரிகர் வளையத்துக்குள் விரல் போகக் கூடாது. நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டியிருந்தது. நம்பர் பூட்டுப் போட்ட பெட்டியில் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அந்த வருஷம் சனிக்கிழமை. கோட்டு மாட்டுவதற்கென்று கட்டிய சின்ன அறைதான் எங்கள் வீட்டுப் பூஜை அறை. அதற்குள் லேப்டாப், மிக்ஸி, அரிவாள்மனை, அப்பாவின் டூல்பாக்ஸ், என் கிளாரினெட், பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் வரிசையாக ஏறின. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. வருஷத்தில் ஒரு நாள் ஹோம்வொர்க் செய்யாதே என்று சாமியே சொல்வதால் எனக்கு அந்தப் பண்டிகை மிகவும் பிடிக்கும்.

அம்மா வரிசையைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, வருஷா வருஷம் மிக்ஸிக்குப் பொட்டு வெச்சு ஆயுத பூஜைன்னு சொல்லிட்டிருக்கறோம். இந்த வருஷந்தான் நெசமாலுமே ஒரு ஆயுதம் இருக்குது. அத உள்ள வெச்சுப் பூட்டுனா நல்லாவா இருக்கும்?"

"பூட்டறதுக்குத்தான பெட்டியே வாங்குனது" என்றார் அப்பா.

"ஒரு நாளைக்குத்தானுங்க. சீக்கிரம். ஒம்பது மணிக்கு ராகு காலம் வந்துரும்."

சனியன் என்று திட்டினாலும் வீட்டுக்குள் வந்த ஒன்றைப் பூஜையில் சேர்க்காமல் விட அம்மாவுக்கு மனசு வராது. அப்பாவுக்கு அம்மாவின் பேச்சைத் தட்ட மனசு வராது. அவர் பிஸ்டலை எடுத்துவந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். "எட்டிப் பாரு கண்ணு. குழலுக்குள்ள எதாச்சும் தெரியுதா?"

"நத்திங்" என்றேன். அந்த நொடியில் அது உண்மை.

சமையலறையிலிருந்து அம்மா மணி எட்டே முக்கால் என்று குரல் கொடுத்தாள். அப்பா அவசரமாக ஸ்லைடை விட்டார். 'டக்' என்று மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினார். அதை மட்டும் மாடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இறங்கிவந்தார். காலி என்று எனக்குக் காட்டப் போய் அவரே அதை நிரப்பிவிட்டார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பொட்டு வைப்பது என் வேலை. லேப்டாப்புக்கு மூடியில், மிக்ஸிக்கு நெற்றியில் என்று கடகடவென்று முடித்தேன். பிஸ்டலில் எங்கே வைப்பது என்று விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். "மூஞ்சி எதுவோ அதுல வையி" என்றாள். ஓட்டை இருக்கிற பக்கம்தான் முகம் என்று நானே முடிவுசெய்தேன். பட்டுப்பாவாடை மடியில் நிறுத்தி, முகம் என் முகத்தைப் பார்க்கும்படி இடது கையால் பிடித்துக்கொண்டு, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டேன்.

அப்பா பார்த்துவிட்டார். "கண்ணு, ஆளப் பாத்துத் திருப்பக் கூடாதுன்னு சொன்னனில்ல?"

"பட் இட்ஸ் எம்ப்டி அப்பா. யூ ஷோட் மீ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடை, நெற்றிச்சுட்டி, கவனத்தில் வெளியே நீட்டிய நாக்கு, இதையெல்லாம் பார்த்தால் எந்த அப்பாதான் பாதுகாப்பு எஞ்சினியராக நிற்பார். "சாமி காரியத்துக்கு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். ராகு காலத்துக்கு முன்பே அது ஈரோட்டில் சித்தப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை விஜயதசமி. மறு பூஜை முடிந்தது. கற்பூரப் புகைக்கு அலாரம் கத்தாமலிருக்க அப்பா வழக்கம்போல அதன் அடியில் நின்று துண்டால் விசிறினார். அம்மா சுண்டல் தாளிக்கப் போனாள். அப்பா ஒரு பழந்துணியோடு தரையில் உட்கார்ந்து பிஸ்டலைத் துடைத்தார். சந்தனம் இடுக்கில் ஒட்டியிருந்தது. நன்றாகத் துடைப்பதற்காக ஸ்லைடை இழுத்தார்.

பளபளவென்று ஒன்று தெறித்துப் பொரித் தட்டில் விழுந்தது.

நான்தான் எடுத்தேன். சின்னதாக, அழகாக, கையில் நல்ல கனமாக இருந்தது. வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேனே என்று எனக்குக் கவலை வந்தது. "அப்பா, திஸ் ஒன் டிட்ன்ட் கெட் எ பொட்டு" என்று நீட்டினேன்.

அப்பா அதை வாங்கித் தனக்குப் பின்னால் வைத்தார். பிறகு போனை எடுத்து நேற்றைய படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். பொட்டு கோணலாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் படம் ஈரோட்டில் சித்தப்பாவின் போனில் பல வருஷம் இருந்தது. பெரியவளான பிறகு நானும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். என் இடது கைக் கட்டைவிரல் ட்ரிகர் வளையத்துக்குள் இருக்கிறது.

அடுத்த வாரம் பிஸ்டல் வீட்டில் இல்லை. அம்மா கேட்டதற்கு, "நமக்கு ஒத்துவரல" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அம்மாவிடம் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. என் அப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்று காலை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சந்தனத்தை உள்ளே விட்டு விலை உயர்ந்த சாமானைக் கெடுத்துவிட்டேன், திட்டு விழப்போகிறது என்று நின்றேன். அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் உட்காரும் வயது எனக்குத் தாண்டியிருந்தது. என் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.

"சாரி கண்ணு" என்றார். "அப்பாவ மன்னிச்சுரு சாமி."

யாராவது சாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் பெருந்தன்மையாக அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

"இட்ஸ் ஓகே அப்பா. டோன்ட் டூ இட் அகெய்ன்."

இனிச் செய்ய மாட்டேன் என்று அவர் தலையாட்டினார். எதை என்று நான் கேட்கவில்லை.