மேலே ஏறும் வண்டிக்குத்தான் வழி

போன வருடம் ஆவணி பிறந்த முதல் வாரம். கண்டி மலைநாட்டில், பன்விலையைத் தாண்டி மடுல்கெல்ல பக்கமாகப் போகும் வழியில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் ஒற்றைப் பாதையில் நடந்தது இது. நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. கார் வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பகட்டுக்காக வந்ததில்லை. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. மலைப்பாதையில் இரண்டு வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். முன்னால் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தால் சமாளிப்பார். ஆனால் பஸ்ஸில் முன் சீட் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். ஆட்டோவில் பின்னால்தான் உட்கார வேண்டும். இதனாலேயே நான் கண்டிக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் அம்மா என் வீட்டுக்கு வந்ததில்லை. அடுப்பு எங்கே இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்றெல்லாம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வார். எனக்குக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வரும்.

நான் காசு சேர்க்கச் சேர்க்க, கார் விலை எனக்கு முன்னால் ஓடியது. வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள், பழைய கார்களின் விலை ஆகாயத்துக்குப் போனது. மறுபடியும் இறக்கலாம் என்றார்கள், போன விலை போனதுதான். கடைசியில் லோன் போட்டு, பேராதனை வீதியில் பழைய கார் விற்கும் ஒரு கார் சேலில் சின்னதாக ஒரு சிவப்புக் கார் எடுத்தேன். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டிய கார். ஆனாலும் எனக்கு அது புதுக் கார்தான்.

அங்கேயே முதல் எரிச்சல். வாங்குகிறவள் நான். துணைக்கு வந்த, தோட்டத்திலேயே வேலை செய்யும் என் அண்ணனுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த விற்பனையாளர் எஞ்சினைத் திறந்து காட்டியது அண்ணனுக்கு. பிரேக்கைப் பற்றி விளக்கியது அண்ணனுக்கு. நான் கேட்ட கேள்விக்கும் பதிலை அண்ணனைப் பார்த்தே சொன்னார். கடைசியில் காரை எடுக்கப் போன நாளில் சாவியையும் அண்ணனிடமே நீட்டினார். நடுவில் கையை விட்டு வாங்கிக்கொண்டேன். ஆடி கழியட்டும் என்று அம்மா கட்டளை போட்டிருந்ததால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, ஆவணி பிறந்ததும்தான் காரை வெளியே எடுத்தேன்.

திட்டம் இதுதான். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு தோட்டத்துக்குப் போவது. தோட்டத்துக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல் வரைக்கும் காரைக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு, அன்று மாலையே அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கண்டிக்குக் கூட்டி வருவது.

அம்மா லயத்தில் காத்திருக்கவில்லை. முழங்கால் வலியோடு குறுக்குப் பாதையில் இறங்கி, தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் வந்து சேரும் சந்தியிலேயே வந்து நின்றுவிட்டார். அண்ணன் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைச் சேலை, தலையில் பூ. கார் நின்றதும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “மேல வரைக்கும் நானும் ஒங்கூட இதுலயே வர்றேன் பாப்பா” என்றார். முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுவிட்டதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் அத்தனை வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாதி தூரம் நன்றாகத்தான் ஏறினோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கொஞ்சம் கீழே, மேலேயிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் வாகனம். நான் ஒரே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய இடத்தில் இருந்தேன். ஒரு பக்கம் மண் சுவரும் மழைத்தண்ணீர் ஓடும் கானும், மறு பக்கம் பள்ளம். எனக்குப் பின்னால் ஒதுங்க இடம் வேண்டுமென்றால் ஒரு பெரிய வளைவைத் தாண்டிக் கீழே போக வேண்டும். ஜீப்புக்குப் பின்னாலோ, கொட்டகைக்கு முன்னால், லொறி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. பத்தடி பின்னால் எடுத்தால் போதும்.

மேலே ஏறும் வண்டிக்குத்தான் வழி. மலைநாட்டில் லைசன்ஸ் எடுக்கப் போகும் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நான் லைட்டைப் போட்டுக் காட்டினேன். ஜீப் டிரைவர் ஹார்ன் அடித்தார். மறுபடியும் காட்டினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, கோழியை விரட்டுவது போலப் பின்னால் போகச் சொல்லி ஆட்டினார். அவரும் எங்கள் தோட்டத்துக்காரர்தான். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் இருந்த துரை, வந்து கொஞ்ச நாளேயான ஓர் இளைஞர், குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மலையில் நின்றபடி பார்த்தார்கள். அங்கிருந்து அவர்களை மேற்பார்க்கும் கங்காணி ஒருவர் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தார். என் அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்குக் கூட்டாளி.

“என்னா புள்ள இது? தொர வண்டி நிக்கிது. பின்னுக்கு எடு” என்றார்.

“மாமா, ஏறுற வண்டிக்குத்தான் வழி. அவருக்குப் பின்னாலயே எடம் இருக்கு, பாருங்க” என்றேன்.

“சட்டமெல்லாம் ஒங்க கண்டியில வச்சிக்க. இங்க தொர வண்டி பின்னுக்குப் போனத நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா? ஒங்க அண்ணன் இங்க வேல செய்யணுமா வேணாமா?”

கேட்டீர்களா? அந்தத் துரை வாயைத் திறக்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவருக்காகக் கத்துவதற்கு எங்கள் ஆட்களே போதும். பாதை போட்டது எங்கள் தாத்தாமார், மண் சரிந்தால் அள்ளிப் போடுவது எங்கள் அண்ணன்மார், அந்தப் பாதையில் நான் பின்னுக்குப் போக வேண்டுமாம். என்ன ஆனாலும் சரி, சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். அம்மா பெல்ட்டைக் கழற்றியிருந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி, கானுக்குள் போய் நின்றார். கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். அந்தக் காலத்தில் துரை வண்டி வந்தால் தோட்டத்து ஆட்கள் ஒதுங்கி நின்றது போல, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, குனிந்து நின்றார். என் அம்மா, என் காரிலிருந்து இறங்கி, கானில் நின்றார்.

அவரை அப்படி நிற்க வைத்துக்கொண்டு யாரிடம் நான் சட்டம் பேசுவது? காரை ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தேன். கங்காணி மாமா “வரட்டும், வரட்டும்” என்று கையைக் காட்ட, அந்த வளைவில் கண்ணீரோடு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஒரு நேரம் பின் சக்கரம் பள்ளத்தின் ஓரம் வரைக்கும் போனது. பயந்து மறு பக்கம் திருப்பியதில் பின் பம்பர் மண் சுவரில் உரசி, சிவப்புப் பெயிண்ட் நீளமாகப் போய்விட்டது. ஒரு வாரம்கூட ஆகாத கார்.

ஜீப் என் பக்கத்தில் வந்து நின்றது. துரை கண்ணாடியை இறக்கினார். சிங்களம் கலந்த தமிழில், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு, “மிஸ், நீங்க ஏன் பின்னால போனது? எங்களுக்கு அங்க இடம் இருக்குதானே. சொன்னா நாங்க எடுக்கிறதுதானே” என்றார். கார் அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். டிரைவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் போய்விட்டது.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கேட்டால் எடுத்திருப்பாராம்! கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல பெயர் அவருக்கு, கான் தண்ணீர் என் அம்மாவுக்கு. கங்காணி மாமா என்னமோ பெரிய விபத்தைத் தடுத்தவர் மாதிரி “இப்பதான் நல்ல புள்ள” என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிப் போனார். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதை நினைத்து இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அம்மா நனைந்த சேலையோடு நடந்து வந்து, காருக்குள் ஏறத் தயங்கினார். சீட் அழுக்காகிவிடுமாம். நான் இறங்கிப் போய் அவரை உட்காரவைத்தேன். கோயிலுக்குப் போனோம், தேங்காய் உடைத்தோம், லயத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றும் போனோம். எல்லாம் நடந்தது. ஆனால் எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மாலையில் கண்டிக்கு இறங்கும்போது, வத்தேகம தாண்டியதும், பொறுக்கமுடியாமல் கேட்டேன், “ஏம்மா எறங்குனீங்க? நான் இருந்தேன்தானே?”

அம்மா பாதையைப் பார்த்தபடியே, “நான் எங்க பாப்பா எறங்குனேன்? அந்த வண்டியப் பாத்ததும் காலு தானா எறங்கிருச்சு” என்றார்.

வழி முழுக்க அம்மா ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. என் வீட்டு அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார், கீழ் வீட்டுக்காரியோடு சிநேகமும் பிடித்துக்கொண்டார். இப்போது மாதம் ஒரு முறை போய்க் கூட்டி வருகிறேன். கராஜ்காரர் பம்பரைச் சரிசெய்துவிட்டார், உரசின இடம் எதுவென்று எனக்கே தெரியாது. ஆனால் டவுனுக்குள் பின்னாலிருந்து ஏதாவது பெரிய வாகனம் ஹார்ன் அடித்தால், அம்மாவின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போகிறது. அதனால் அவர் ஏறியதும் கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் காரை எடுக்கிறேன். திருட்டுப் பயத்துக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கை மடியிலேயே இருக்கும் ஒரு நாள் வரும் வரைக்கும், லோனை முழுசாகக் கட்டி முடித்தாலும், இந்தக் காரை நான் வாங்கிவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.